சாக்கில் வந்த முயல்

முயல் கறியில் மூத்திர வாடை அடிக்கும் என்று எங்கள் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரம். காலண்டர் தாள்களைச் சரிபார்க்கும் மேசையை ஒதுக்கிவிட்டு நான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை யாரோ கொடுத்த முயலை அவர் வீட்டில் சமைத்திருக்கிறார்கள். “எம்புட்டு மசாலா போட்டாலும் அடங்கலக்கா. காட்டு உருப்படின்னா அப்படித்தான். அதோட குணம் அது” என்றார்.

கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்தேன்.

“எப்ப அடிச்சது?”

“காலையில ஆறு மணிக்குன்னு சொன்னாக.”

“குடல எப்ப எடுத்தாக?”

“அது எங்க வீட்டுக்கு வந்தப்புறம். ஒரு மணி இருக்கும்.”

“அதுவரைக்கும் எங்கன இருந்துச்சு?”

“கேரி பேக்குல. வண்டியில தொங்குச்சு.”

“ஒங்களையும் பைக்குள்ள போட்டு இறுக்கிக் கட்டி, ஏழு மணி நேரம் வெயில்ல தொங்கவிட்டா என்ன வாட அடிப்பீகளோ, அதான் அது. முயலோட குணம்னு சொல்லாதீக.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முயல் வெள்ளரிப் பிஞ்சும் அறுகம்புல்லும் பாசிப்பயற்றுக் கொழுந்தும் தின்று வாழ்கிற பிராணி. நாம் வளர்க்கிற கோழி தின்பதை அது மோந்துகூடப் பார்க்காது. அதைக் கெடுத்தது மனிதனின் சோம்பேறித்தனம். கெடுத்துவிட்டுப் பழியை அதன் பிறப்பின் மேல் போடுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டு முயலைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். கௌதாரியும் அப்படித்தான். பிடித்தவர்கள் என் குடும்பத்தில் இருக்கிறார்கள், சமைத்தவள் நான். அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் பாதிப் பொய்யாகிவிடும். அது சரியென்று வாதாடவும் நான் வரவில்லை. கூடாதென்று சொன்ன ஒன்றைச் செய்கிறவன், உயிரை எடுத்த பிறகாவது அந்த உடலை மரியாதையாக நடத்த வேண்டாமா? என் கோபம் அவ்வளவுதான்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் பதினோரு முயல்கள் என் கைக்கு வந்திருக்கின்றன. தினமும் எழுதுகிற நோட்டில் ஒவ்வொன்றையும் குறித்திருக்கிறேன். நன்றாக இருந்தவை நான்கு. அந்த நான்கையும் தின்றவர்கள் யாரும் வாடை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

நல்ல முயலின் கறி ஆட்டுக்கறியைவிடக் கறுத்த சிவப்பு. கொழுப்பு கிடையாது, சிறுநீரகத்தைச் சுற்றி ஒரு சிட்டிகை இருந்தால் அதிகம். வாயில் வைத்ததும் முதலில் ஒரு சிறிய தித்திப்பு, பிறகு ஈரலைத் தின்பதுபோல் ஒரு கனம், கடைசியாக நாக்கின் ஓரத்தில் மழை பெய்த புஞ்சையில் நிற்கிற மாதிரி ஒரு பச்சை வாசம். முதுகுத்தண்டின் இருபுறமும் ஓடுகிற சதை பஞ்சுபோல வெந்துவிடும். பின்னந்தொடை ஓடியே வாழ்ந்த சதை, பொறுமையாக வேகவிட வேண்டும். இதற்கு நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், நான்கு வரமிளகாய் போதும். தேங்காய் வேண்டாம், கரம் மசாலா கிட்டேயே வரக்கூடாது. மசாலாவைக் கொட்டுகிறவர்கள் கறியை மூடி மறைக்கிறார்கள் என்று அர்த்தம். கௌதாரி வேறு மாதிரி. நெஞ்சுச் சதை வெள்ளையாக, உலர்ந்து, கொஞ்சம் கூட வெந்துவிட்டால் சணலைத் தின்பதுபோல் ஆகிவிடும்.

இந்த ருசியெல்லாம் அடிபட்ட முதல் அரைமணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது. அடுப்பங்கரைக்கு வந்த பிறகு நான் செய்ய ஒன்றுமில்லை. இது ஆண்களுக்குப் புரிவதே கிடையாது. காதைப் பிடித்துத் தூக்கிப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவார்கள். டீக்கடை பெஞ்சில் போட்டு எடை எவ்வளவு இருக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். நாய் எப்படித் திரும்பியது, முயல் எப்படிக் குட்டிக்கரணம் போட்டது என்று முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை சொல்வார்கள். அத்தனை நேரமும் குடல் உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். பிறகு வீட்டுக்கு வந்து, தூக்கிப் போட்டு, “நல்லா காரசாரமா வை” என்பார்கள். நாறினால் சமைத்தவள் கைப்பக்குவம் சரியில்லை.

அன்று அச்சகத்தில் இவ்வளவுதான் பேசினேன். பேசாமல் விட்ட ஒரு முயல் இருக்கிறது. அது போன பங்குனியில் வந்தது.

என் அக்கா விஸ்வநத்தத்தில் இருக்கிறாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஒரு பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை. அத்தானும் அதே கம்பெனியில்தான், வெடிமருந்து மூட்டைகளை இறக்கி அறைகளுக்குக் கொண்டு கொடுக்கிற வேலை. அந்த வருடம் தை பிறந்ததிலிருந்து அக்காவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் ரத்த அளவு, ஹீமோகுளோபின், ஏழுதான் இருந்தது. பத்துக்காவது வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று சொல்லிவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஈரல், கீரை, முட்டை என்று சாப்பிடச் சொன்னார்.

மாத்திரை அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் திருத்தங்கலிலிருந்து ஆட்டு ஈரல் வாங்கிக்கொண்டு போய் மூன்று விதமாகச் செய்து கொடுத்தேன். மூன்றும் வெளியே வந்துவிட்டன. கஞ்சித் தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும்தான் உள்ளே தங்கின. உதடு வெளுத்துப் போய்க் கட்டிலோடு கிடந்தாள். எழுந்து கொல்லைக்குப் போய்வர என் தோள் வேண்டியிருந்தது. அப்படி இருக்கும்போது ஒருநாள் தானாகவே வாயைத் திறந்து கேட்டாள்.

“ஏ புள்ள, முயல் கறி கெடைச்சா ரெண்டு துண்டு திம்பேன்னு தோணுது.”

மூன்று வாரத்தில் அவள் கேட்ட முதல் சாப்பாடு அது. அத்தான் சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குச் சட்டம் தெரியும். அந்த நேரத்தில் நான் சட்டத்தைப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அவர் கூட்டாளி ஒருவரும் இரண்டு நாய்களோடு போனார்கள். மக்காச்சோளம் அறுத்த புஞ்சைகளுக்கு அப்பால் சீமைக்கருவேலங்காடு. ஏழரை மணிக்கு முயல் விழுந்திருக்கிறது. அத்தான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது பன்னிரண்டு ஐந்து. பங்குனி வெயில். முயல் வண்டியின் பெட்டிக்குள், கறுப்புப் பிளாஸ்டிக் பையில், வயிறு உப்பிக் கிடந்தது. பையை அவிழ்த்ததும் நான் முகத்தைத் திருப்பினேன்.

“அத்தான், ஏழரைக்கு அடிச்சத இன்னும் ஏன் கிழிக்கல?”

“கிழிச்சா ரத்தம் போயிருமே தாயி. அவளுக்கு ரத்தம்தான வேணும்?”

அவர் அதை மனதார நம்பிச் சொன்னார். அதனால் என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. வயிற்றைக் கீறினேன். மூத்திரப்பை எப்போதோ வெடித்திருந்தது. இடுப்புச் சதை பச்சை பாரித்திருந்தது. நாய் கடித்த தொடையில் ரத்தம் கட்டிக் கறுத்துப் போயிருந்தது. பச்சை பட்டதையும் கறுத்ததையும் வெட்டி எறிந்தேன். மிஞ்சிய நெஞ்சுப் பக்கத்தை ஏழு தண்ணீரில் கழுவிச் சமைத்தேன். சமைத்திருக்கவே கூடாது. அந்தக் கறியைக் கட்டிலருகே கொண்டுபோனது என் தப்பு, அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். அக்கா ஒரு துண்டை வாயில் வைத்தாள், மென்றாள், கிண்ணத்திலேயே துப்பினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “எனக்கு நாக்குச் செத்துப் போச்சு. இனிமே எதுவும் கேக்க மாட்டேன்” என்றாள்.

நாக்குச் செத்துப் போச்சாம். அவள் நாக்குதான் அந்த வீட்டிலேயே ஒழுங்காக இருந்தது.

அத்தான் முற்றத்தில் நின்று, “நீ கொஞ்சம் காரம் தூக்கலா போட்டிருக்கலாம்” என்றார்.

அன்று நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். அச்சகத்தில் கழித்த காலண்டர் தாள் ஒன்று என் பையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். முயல் விழுந்த இடத்திலேயே, உயிர் அடங்கியதும் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, அடிவயிற்றைப் பெருவிரலால் கீழ்நோக்கி நீவி மூத்திரத்தை வெளியேற்ற வேண்டும். கழுத்தை அறுத்து ரத்தத்தை வடியவிட வேண்டும். நிழலில் வைத்து, கத்தி நுனியை மேல்நோக்கிப் பிடித்து, தோலை மட்டும் கீறிக் குடலை எடுக்க வேண்டும். பித்தப்பை உடையக்கூடாது. ஈரலைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும், அதில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். புள்ளி இருந்தால் அது நோய் கண்ட முயல், முழுவதும் குழிக்குத்தான். பிளாஸ்டிக் பையில் போடக்கூடாது. காற்றுப் போகிற பையில், வெயில் படாமல் கொண்டுவர வேண்டும். வழியில் எங்கும் நிற்காமல், முயல் விழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வீடு வந்து சேர வேண்டும்.

அத்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன, முயலுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிச்சிருக்கியா?”

“நேரம் போட்டிருக்கேன்ல? அந்த நேரத்துக்கு வந்து சேருங்க.”

“டீக்கடையிலயும் நிக்கக் கூடாதா?”

“நீங்க நில்லுங்க. முயல மட்டும் முன்னால அனுப்பிருங்க.”

கட்டிலில் இருந்து அக்கா சிரித்த சத்தம் கேட்டது. அவள் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலை எட்டு ஐம்பதுக்கே வண்டிச் சத்தம் கேட்டது. எட்டு மணிக்கு முயல் விழுந்ததாகவும், கால்மணி நேரத்தில் எல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பியதாகவும், டீ கூடக் குடிக்கவில்லை என்றும் அத்தான் இறங்கும்போதே ஒப்பித்தார். சட்டைப் பையில் என் காலண்டர் தாள் மடித்திருந்தது. முதலில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டியை நீட்டினார். திறந்தேன். பூவரச இலையில் பொதிந்து ஈரலும் இதயமும் இருந்தன. ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழப்பாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் மின்னியது. அவ்வளவு சுத்தமான முயல் ஈரலை நான் அதுவரை பார்த்ததில்லை. பித்தப்பையை நூல் பிசகாமல் எடுத்திருந்தார்.

“எப்படி?” என்றார்.

“மார்க்கு போடலாம் அத்தான்.”

அவருக்கு முகமெல்லாம் பல். பிறகு வண்டியின் பின்னாலிருந்து சாக்கை எடுத்து முற்றத்துக் கல்லில் வைத்தார். வெள்ளைப் பிளாஸ்டிக் இழையில் நெய்த சாக்கு. உள்ளே இருந்து முயலை எடுத்துக் கொடுத்தார். மயிரைப் பொசுக்காமல் தோலை உரித்திருந்தார்கள். உடல் குளிர்ந்திருந்தது. வாடை இல்லை. நாய்ப்பல் ஒரே இடத்தில், முன்னங்காலில் மட்டும் பட்டிருந்தது. முன்னங்கால் இடுக்கில் பயறு அளவில் இருக்கும், வாடை சுரக்கிற மஞ்சள் கட்டியை நான் எழுத மறந்திருந்தேன், அதை எடுப்பதற்காக வெளிச்சத்தில் திருப்பினேன். அப்போதுதான் விலாவில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தேன். ஈரத்தில் கரைந்து, அங்கங்கே பொடிக் கற்களாக ஒட்டியிருந்தது.

“உப்பு தடவுனீகளா?”

“இல்லையே. நீ எழுதலையே.”

கையைக் கழுவிவிட்டுச் சாக்கை எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கம் வெறும் வெள்ளை. மறுபக்கம் ஆங்கில எழுத்து, அதற்குக் கீழே மண்டை ஓடும் இரண்டு எலும்பும் போட்ட முத்திரை. அடித் தையலைப் பிரித்து உதறினேன். தையலின் மடிப்புக்குள் இருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

“அத்தான், இது கம்பெனி மருந்துச் சாக்கா?”

“ஆமா. பம்புசெட்டுல நல்லா அலசித்தான வச்சேன். நீதான காத்துப் போற பையில கொண்டாரச் சொன்ன?”

“என்ன மருந்து வந்த சாக்கு?”

அவர் யோசித்தார். “வெடியுப்பா இருக்கும். இல்ல வேற உப்பா... எல்லாம் ஒரே மாதிரி சாக்குலதான தாயி வருது.”

தினமும் அந்த மூட்டையைத் தோளில் சுமக்கிறவர். எந்த அறைக்கு எந்த மூட்டை என்று மாற்றி இறக்கினால் என்ன நடக்கும் என்று தெரிந்தவர். கம்பெனி வாசலில் செருப்பையும் செல்போனையும் விட்டுவிட்டு உள்ளே போகிறவர். வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அதே மருந்து அவருக்கு வெறும் அழுக்கு. அலசினால் போய்விடும். எங்கள் பக்கத்தில் இந்தத் தப்பைச் செய்யாத வீடு இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். இற்றுப்போகாத சாக்கு, மழை தாங்கும், சும்மா கிடைக்கிறது என்று எல்லாரும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். என் கோபம் அத்தானோடு நிற்கவில்லை. மூட்டைக்குக் கணக்கு வைத்திருக்கிற கம்பெனி, காலிச் சாக்குக்கு ஒரு கேள்வி கேட்பதில்லை. மண்டை ஓட்டை அச்சடித்தவன் தமிழில் ஒரு வரி அச்சடிக்கவில்லை.

“இதச் சமைக்க முடியாது” என்றேன்.

“என்னது?”

“இதச் சமைச்சு அவளுக்குக் குடுக்க முடியாது. ஈரமான கறி அத்தான். அரை மணி நேரத்துக்கு மேல அந்தத் தூள்ல புரண்டிருக்கு. கழுவுனா போகுமா, உள்ள இறங்கிருச்சான்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அத்தானுக்குக் கண் சிவந்துவிட்டது. “ஏ தாயி, நீ சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சேன். தாளப் பாத்துப் பாத்துச் செஞ்சேன். கூட வந்தவன் என்னைப் பாத்துச் சிரிச்சான். இப்ப குப்பையில போடுங்கிறியா? உள்ள கிடக்காளே அவளுக்கு என்ன சொல்லுவ? நாங்க அந்த மருந்தத் தொட்டுட்டுத்தான் முப்பது வருசமா கையக் கழுவிச் சோறு திங்கிறோம். செத்தா போயிட்டோம்?”

“ரத்தம் ஏழு இருக்கவளுக்கு, தோள்ல மூட்ட தூக்குற ஒங்க கணக்கப் போடாதீக.”

“வெந்தா எல்லாம் போயிரும்.”

“வேக வச்சா வெடியுப்பு போயிரும்னு ஒங்க முதலாளிகிட்டப் போய்ச் சொல்லுங்க. சம்பளம் கூட்டிக் குடுப்பாரு.”

அவர் முயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாற்றமெடுத்த முயலைத் தூக்கிப் போடுவதில் வருத்தமில்லை. இது இளஞ்சிவப்பாக, ஈகூட மொய்க்காமல், நான் இருபத்தாறு வருடமாகக் கேட்டும் இவ்வளவு முழுசாகக் கிடைக்காத ஒழுங்கோடு கல்லின் மேல் கிடந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒரு பிராணியைத் துரத்தி அடித்துக் கொன்று, ஒரு தப்பும் இல்லாமல் அறுத்து, கடைசியில் ஒரு பை சரியில்லாமல் மண்ணில் போட வேண்டியிருந்தது. நாய்க்குக்கூடப் போட முடியாது. கொல்லையில் முருங்கைக்கு அப்பால் மண்வெட்டியால் நானே முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினேன். பாதியில் அத்தான் வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். முயலைப் போட்டு மூடி மேலே கல்லை வைத்தோம்.

மிச்சமிருந்தது தூக்குச்சட்டி. அது அந்தச் சாக்குக்குள் போகவில்லை, வண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு வந்தது. ஈரலைக் கேட்டதே புள்ளி பார்ப்பதற்காக. கேட்டிராவிட்டால் அதையும் முயலோடு சேர்த்துத்தான் சாக்கில் போட்டிருப்பார்.

முயல் ஈரல் ஒரு கை அளவுகூட வராது. ஏழு துண்டாக நறுக்கினேன், இதயத்தை இரண்டாக. நல்லெண்ணெய் காய்ந்ததும் சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, மிளகு. மஞ்சள் ஒரு சிட்டிகை. ஈரலைப் போட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அடுப்பில் வைக்கவில்லை. உப்பைக் கடைசியில் போட்டேன். உப்பு ஜாடியில் கை விடும்போது ஒருமுறை முகர்ந்து பார்த்தேன்.

வாசனை கட்டில்வரை போயிருக்க வேண்டும். கிண்ணத்தைக் கொண்டுபோகும்போது அக்கா எழுந்து சுவரில் சாய்ந்திருந்தாள். முதல் துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். துப்புவாள் என்று கையைக்கூட நீட்டியிருந்தேன். விழுங்கினாள். இரண்டாவதை அவளே எடுத்தாள். ஒன்பது துண்டும் போயின. அடியில் இருந்த எண்ணெயில் இரண்டு உருண்டை சோறு பிசைந்து கொடுத்தேன், அதுவும் போயிற்று.

“ஆட்டு ஈரல் மாதிரி மாவா இல்ல” என்றாள். “பச்ச வாசம் வருது. எங்கன மிச்சக் கறி?”

சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். நடு நடுவே அத்தான் வாசலிலிருந்து, “அலசித்தான் வச்சேன்” என்றார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். என் மேல்தான் பாய்வாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி அடுப்பங்கரை மூலையைப் பார்த்தாள்.

“அப்ப அது?” என்றாள்.

அங்கே சுவரோடு சுவராக இரண்டு வெள்ளைச் சாக்குகள் நின்றன. ஒன்றில் ரேஷன் அரிசி. மற்றதில் துவரம் பருப்பு. எழுத்துப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அந்த வீட்டுக்கு நான் போகாத வாரம் இல்லை. தாளில் ஒரு மில்லிமீட்டர் கலர் விலகினால் கண்டுபிடிக்கிற என் கண், எத்தனையோ தடவை அந்த அரிசியை அளந்து உலையில் போட்டிருக்கிறது.

அக்காவின் நோய்க்கு அதுதான் காரணம் என்று நான் எழுதமாட்டேன். எனக்குத் தெரியாது. டாக்டரிடம் கேட்டபோது அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தெரியாது என்பதே எனக்கு ஆத்திரமாக இருந்தது. அரிசியையும் பருப்பையும் முயலுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டிக் கொட்டினோம். பரண்மேல் மடித்து வைத்திருந்தது, வத்தல் காயப்போட வைத்திருந்தது, கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டிருந்தது என்று மொத்தம் பதினான்கு சாக்குகள் கிடைத்தன. எரிக்கலாமா என்று நான் கேட்டதற்கு, அத்தான் பதறிப்போய்ச் சத்தம் போட்டார்: “தீ வச்சுத் தொலச்சிராத தாயி!” அலசினால் போய்விடும் என்று சொன்ன அதே மனிதர்.

யாரும் எடுத்து எதற்கும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொன்றையும் வாயிலிருந்து அடிவரை கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டினேன். ஐந்தாவது சாக்கில் கை வலித்தது. அத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். மறுநாள் அவற்றைக் கட்டிக் கம்பெனிக்கே திருப்பிக் கொண்டுபோனார். கேட்டில் இருந்தவர், “நல்ல சாக்க எந்தக் கிறுக்கன் இப்படி வெட்டுனது?” என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் அக்கா பசிக்கிறது என்றாள். கடையில் புதிதாக வாங்கிய அரிசியில் ரசம் சோறு. மறுநாள் முட்டை. ஆட்டு ஈரலைச் சொன்ன நேரத்துக்கு வெட்டித் தருகிற கடையைத் தேடிப் பிடித்து, மிளகும் நல்லெண்ணெயும் மட்டும் போட்டுக் கொடுத்தேன், அதுவும் தங்கியது. ஐந்து வாரத்தில் ரத்தம் பத்தைத் தொட்டது. சித்திரை முடிவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த நாளில் அத்தான் கட்டிலோரம் நின்று தலையைச் சொறிந்தார்.

“ஞாயித்துக்கெழம நாய்களக் கூட்டிட்டு அந்தப் பக்கம் போய்ட்டு வரவா? அன்னைக்குத் திங்க முடியாமப் போச்சே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“முயல் அதுபாட்டுக்கு ஓடட்டும். நீங்க ஞாயித்துக்கெழம கடைக்குப் போயி, அரிசி போட ரெண்டு தகர டின்னு வாங்கிட்டு வாங்க. மூடி சரியா இருக்கான்னு பாத்து வாங்குங்க. வேணும்னா ஒங்க கொழுந்தியாகிட்ட ஒரு தாளு எழுதி வாங்கிக்கிருங்க.”